நோட்ஸ் அனுப்பியாயிற்று, படிக்க முடிகிறதா?

வடசென்னையில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரி. அதன் சுயநிதிப் பிரிவில், இரண்டாவது ஷிப்டில், வணிகவியல் நடத்துகிறார் இந்த வாசகி. ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

2020 ஊரடங்கில், பாடக்குறிப்புகளை வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்திருக்கிறார். அப்புறம் கூகுள் கிளாஸ்ரூம் வந்தது. இன்று கணக்கியல் தாளுக்கு மட்டும் 140 கோப்புகள். பாதி, கரும்பலகையையும் புத்தகத்தையும் செல்போனில் படமெடுத்து பி.டி.எஃப். ஆக்கியவை. மீதியில் பெரும்பகுதி, துறையில் பல வருடமாகக் கைமாறி வரும் பழைய டைப் நோட்ஸ். எண்ணூர் பக்கமிருந்து ரயிலில் வரும் ஒரு மாணவருக்குப் பார்வைக் குறைபாடு. செல்போனை மூக்கருகே வைத்துப் படிப்பார். கண் சோர்ந்துவிட்டால், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டுக்கொள்வார். அவருக்காக வாசகி, இரவில் வீட்டு வேலை முடிந்தபின், முக்கியப் பகுதிகளை வாய்ஸ் நோட்டாகப் பேசி அனுப்பி வந்திருக்கிறார்.

போன மாதம் அந்த மாணவர் முதல்வருக்கு மெயில் போட்டுவிட்டார். பாடக்குறிப்புகளைப் படிக்க முடியவில்லை, இரண்டு முறை கேட்டும் மாறவில்லை, இனியும் இப்படியே இருந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போவேன் என்று. ஹெச்.ஓ.டி. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் துறைக் குழுவில் போட்டு, "மேடம், நீங்களே பதில் சொல்லிடுங்க" என்று எழுதியிருக்கிறார். "இவ்வளவு செய்த எனக்கா இது?" என்று கேட்கிறார் வாசகி. கூடவே நான்கு கேள்விகள்: என் மேல் வழக்கு வருமா? அவருடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் பாதிப்பு 30 சதவீதம்தான், 40 இல்லையே, சட்டம் பொருந்துமா? பாடநூலை டைப் செய்து கொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா? 140 கோப்புகளைத் தனியாளாக எப்படி மாற்றுவது?

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு அந்த மெயிலின் நகலையும் இணைத்திருந்தீர்கள். இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் பெயர் அதில் எங்கும் இல்லை. "மேடம் சரியில்லை" என்று அவர் எழுதவில்லை. "கோப்புகளைப் படிக்க முடியவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறார். அதை உங்கள் மேல் திருப்பிவிட்டது உங்கள் துறை. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வருத்தத்தோடு உட்கார்ந்து பதில் எழுதாதீர்கள்.

வாய்ஸ் நோட் ஏன் போதவில்லை

உங்கள் வாய்ஸ் நோட் ஒன்றை நானும் கேட்டேன். பதினொரு நிமிடம். தெளிவான குரல், பொறுமையான விளக்கம். ஆனால் ஏழாவது நிமிடத்தில் நீங்கள் சொல்லும் ஒரு தொகை எனக்கு மறுபடி வேண்டும் என்றால், அதை எங்கே போய்த் தேடுவது? விரலால் பட்டையை இழுத்து, தாண்டிப் போய், திரும்பி வந்து... கணக்குப் பாடத்தில் இப்படி இழுத்துக்கொண்டிருந்தால் ஒரு கணக்கு முடிவதற்குள் பொறுமை போய்விடும். போதாததற்கு, மற்றவர்களுக்குத் திங்கட்கிழமை வந்த பாடம் அவருக்குப் புதன்கிழமை, அதுவும் நீங்கள் முக்கியம் என்று நினைத்த பகுதி மட்டும். எது முக்கியம் என்று முடிவு செய்யும் வாய்ப்பு மற்ற எல்லா மாணவர்களுக்கும் இருக்கிறது, அவருக்கு இல்லை. நீங்கள் இதை வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும்.

சட்டத்தில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒருவர் தன் தேவையைச் சொன்னபின் அவருக்காகச் செய்து தருவது நியாயமான தகவமைப்பு. யாரும் கேட்பதற்கு முன்பே, எவரும் பயன்படுத்தும்படி செய்து வைப்பது அணுகல்தன்மை. சாய்தளம் கட்டியே வைத்திருப்பதற்கும், சக்கர நாற்காலியில் ஒருவர் வந்து நின்றபின் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். உங்கள் வாய்ஸ் நோட், வந்து நின்றபின் தூக்கிவிடும் ரகம். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி, அணுகல்தன்மை விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமான அடிப்படை விதிகள் வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில், இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் சொல்லிவிட்டது.

வழக்கு யார் மேல்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் அரசின் மேலும் நிறுவனத்தின் மேலும்தான். ஆணையரிடம் புகார் போனால் முதலில் விளக்கம் கேட்கப்போவது கல்லூரியிடம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும்.

அதற்காக, உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று மழுப்ப மாட்டேன். 89-வது பிரிவு, சட்டத்தை மீறும் எவருக்கும் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை. 'எவருக்கும்' என்பதில் தனிநபரும் அடக்கம். ஆனால் ராத்திரி உட்கார்ந்து குரல் பதிந்து அனுப்பிய ஒருவரை அந்தப் பிரிவுக்குள் இழுப்பது எளிதில்லை. அந்த வாய்ஸ் நோட்டுகளை அழிக்காதீர்கள். உங்கள் முயற்சிக்கு அவைதான் தேதி போட்ட சாட்சி.

அந்த ஸ்கிரீன்ஷாட்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஒரு மாணவரின் உடல்நிலை விவரம் இருபது பேர் இருக்கும் குழுவுக்குள் போயிருக்கிறது. அதன் கீழே யாராவது கிண்டலாக ஒரு வரி எழுதினால் விஷயம் வேறு பக்கம் போய்விடும். பொதுப் பார்வையில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 92-வது பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மூடிய குழு பொதுப் பார்வையில் சேருமா என்பது வாதத்துக்கு உரியது. அந்த வாதத்தை நடத்திப் பார்க்கும் நிலைக்கு உங்கள் துறை போக வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை நீக்கச் சொல்லி ஹெச்.ஓ.டி.க்குத் தனியாக எழுதுங்கள். குழுவில் நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள்.

30 சதவீதக் கணக்கு

இது பலருக்கும் உள்ள குழப்பம். 40 சதவீதம் என்ற வரம்பு, உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்குத்தான். பாகுபாடு கூடாது, நியாயமான தகவமைப்பு வேண்டும் என்பதற்கு அந்த வரம்பு கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்துவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் தேர்வுக்கு உதவி எழுத்தர் கேட்ட வழக்கு அது. ஆகவே, "உனக்குத்தான் 40 இல்லையே" என்ற வாக்கியம் உங்கள் கல்லூரியிலிருந்து எழுத்தில் போகவே கூடாது.

அந்த மூன்று கோப்புகள்

மாதிரிக்கு நீங்கள் அனுப்பிய மூன்று கோப்புகளையும் என் ஜூனியர் வக்கீலிடம் கொடுத்து, டாக்பேக் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்றேன். டாக்பேக்கைப் போடுமுன் அதை நிறுத்துவது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். போட்டபின் ஒரு தட்டு தட்டினால் பெயரைச் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். தம்பு செட்டி தெருவில், டீயை ஆறவிட்டு, அரை மணி நேரம் தன் போனோடு மல்லுக்கட்டினார் அந்தப் பெண்.

முதல் கோப்பு. பெயரையே "ஐ, எம், ஜி" என்று தொடங்கி ஒரு பன்னிரண்டு எண்களைப் படித்தது. உள்ளே போனால் சத்தமே இல்லை. பன்னிரண்டு பக்கமும் புகைப்படம். கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது கருவிக்கு வெறும் படம்.

இரண்டாவது, பழைய டைப் நோட்ஸ். பாமினி எழுத்துரு. இதில் குரல் வந்தது, கேட்க முடியவில்லை. "தமிழ்" என்று தொடங்கும் முதல் வரியை "ஜே, கே, பி, ஓ" என்று படித்தது. காரணம் சிம்பிள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் "தமிழ்" தெரியும். கோப்புக்குள் இருப்பது என்னவோ அந்த ஆங்கில எழுத்துகள்தான். தமிழைத் தமிழாகவே கோப்பில் பதியும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. நம் கல்லூரிகளிலும் அச்சகங்களிலும் பாமினியும் வானவில்லும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வக்கீல்கள் நாங்களும் யோக்கியமில்லை. ஸ்கேன் செய்த மனுக்கள் எங்கள் அலுவலகத்தில் மலைபோல் கிடக்கின்றன.

மூன்றாவது கோப்பு, நீங்களே இந்த வருடம் யூனிகோடில் டைப் செய்தது. "இதிலாவது குறை இருக்காது" என்று எழுதியிருந்தீர்கள். எழுத்து சரிதான். ஆனால் வியாபாரக் கணக்கை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி இரண்டு பக்கமாகப் பிரித்திருக்கிறீர்கள். காதில் விழுந்தது இது: "தொடக்கச் சரக்கிருப்பு 20,000 விற்பனை 80,000 கொள்முதல் 45,000 இறுதிச் சரக்கிருப்பு 15,000 மொத்த இலாபம் 30,000." எது பற்று, எது வரவு? கணக்கியலில் அது தெரியாவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது!

இதையே ஒரே அட்டவணைக்குள் போட்டாலும் முழுத் தீர்வு ஆகாது. கருவி வரிசை வரிசையாகத்தான் படிக்கும். பற்றும் வரவும் மறுபடி கலந்துவிடும். கரும்பலகையில் நாம் போடும் அந்த 'டி' வடிவம் கண்ணுக்காக உண்டானது. "பற்றுப் பக்கம்" என்று தலைப்பிட்டு ஒரு சின்ன அட்டவணை, அதன் கீழே "வரவுப் பக்கம்" என்று இன்னொன்று. இரண்டு நெடுவரிசைகள் போதும்: விவரம், தொகை. மேல்வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறித்துவிடுங்கள், கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது

140-ஐயும் மாற்ற உட்காராதீர்கள். அடுத்த வாரப் பாடம், அதற்கடுத்து வரும் இன்டர்னல் தேர்வுக்கான யூனிட், அவ்வளவுதான் இப்போதைக்கு. வாரம் ஐந்தாறு கோப்புகள் என்றால் முடிகிற வேலை. கொஞ்சம் துழாவினால், ஒரே நோட்ஸ் மூன்று பெயரில் கிடப்பதும் தெரியவரும்.

ஒரு கோப்பு தேறுமா என்று பார்க்க விலைக்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். செல்போனில் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் தேர்வாகவில்லை என்றால் அது படம். தேர்வானால், அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் சரி. ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. படமாக இருப்பதை கூகுள் டிரைவில் ஏற்றி, 'டாக்ஸ்' வழியாகத் திறந்தால் எழுத்தாக்கித் தரும், தமிழும் வரும். ஆனால் எண்களை ஒன்றுவிடாமல் சரிபாருங்கள். ஒரு 8 போய் 3 வந்தால் இருப்புநிலைக் குறிப்பு ஜென்மத்துக்கும் சமன் ஆகாது.

வேர்டில் தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கி விடாதீர்கள். 'தலைப்பு 1', 'தலைப்பு 2' என்று ஸ்டைல் இருக்கிறதே, அதைக் கொடுங்கள். திரையைக் காதால் கேட்பவர் தலைப்பு தலைப்பாகத் தாவிப் போவது அதை வைத்துத்தான். பி.டி.எஃப். வேண்டுமென்றால் 'சேமி' வழியாக மாற்றுங்கள். 'பிரிண்ட்' வழியாகப் போனால் இந்தத் தலைப்புக் குறிகள் உதிர்ந்துவிடும். மாணவரிடம் கேட்டுவிட்டு வேர்டு கோப்பாகவே கொடுப்பது இன்னும் நல்லது: எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி திரைக்குள் மடங்கி நிற்கும், படமாக இருக்கும் பி.டி.எஃப். போல இடமும் வலமும் இழுக்க வேண்டியதில்லை. "சிவப்பில் இருப்பவை முக்கியம்" என்று எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். "முக்கியம்" என்ற சொல்லையே போடுங்கள். வீடியோவில் "இதை இங்கே எழுதுறோம்" என்று சொல்லாமல் "கொள்முதல் 45,000, பற்றுப் பக்கம்" என்று சொல்லுங்கள்.

அடுக்கி வைப்பதும் இதே வேலையின் பகுதிதான். "மேம், யூனிட் 3 நோட்ஸ் எதுல இருக்கு?" என்று தேர்வுக்கு முந்தைய நாள் நாற்பது பேர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாற்பது பேருக்கும் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது! காலையில் எம்.சி. ரோடு துணிக்கடையில் நின்றுவிட்டு மதியம் வகுப்புக்கு வரும் மாணவி, தம்பியோடு ஒரே போனைப் பங்கிட்டுக்கொள்பவர், இவர்களுக்கெல்லாம் 18 எம்.பி. படக்கோப்பைவிட நூறு கே.பி.கூட வராத எழுத்துக்கோப்பு எவ்வளவோ மேல். யூனிட்டுக்கு ஒரு ஃபோல்டர். கோப்பின் பெயர் "யூனிட் 3 - 02 - தேய்மானம் - பயிற்சிக் கணக்குகள்" என்பதுபோல. 01, 02 என்று இரண்டு இலக்கமாகப் போட்டால் வரிசை குலையாது. எல்லாவற்றுக்கும் மேலே "இங்கே தொடங்கவும்" என்று ஒரு பக்கம்: எந்த வாரம் எந்தப் பாடம், எந்தக் கோப்பு. வாட்ஸ்அப் குழு அறிவிப்புப் பலகையாக மட்டும் இருக்கட்டும். அதில் போட்ட கோப்பு, நாலு குட்மார்னிங் வந்தால் மேலே போய்விடும்.

டைப் செய்து கொடுத்தால் திருட்டா?

இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தப்படி, சாதாரண வடிவில் படிக்க முடியாத மாற்றுத்திறனாளிக்காக ஒரு நூலை அவர் படிக்கக்கூடிய வடிவுக்கு மாற்றிக் கொடுப்பது மீறல் ஆகாது. எந்தத் தனிநபரும் செய்யலாம், கல்விக்கு என்று தெளிவாகவே இருக்கிறது. இதற்கென்றே உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா, 2014-ல். அந்தக் கோப்பைப் பொதுவில் எல்லாரும் இறக்கிக்கொள்ளும்படி மட்டும் போடாதீர்கள், விற்காதீர்கள். டைப் செய்யுமுன், 2016-ல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகத்தில் அந்த நூல் இருக்கிறதா என்று மாணவரையே உறுப்பினராகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல்வருக்கு ஒரு கடிதம்

வேலை போய்விடுமோ என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. வாயால் சொன்னது எதுவும் நிற்காது. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், புகார் தொனி வேண்டாம். இதுவரை நீங்கள் செய்தது, இனி செய்யப்போவது, கல்லூரி செய்ய வேண்டியது. மூன்றாவதில் இவற்றைக் கேளுங்கள்: துறை நோட்ஸ் எல்லாம் இனி யூனிகோடில்தான் என்று ஒரு சுற்றறிக்கை, டைப் வேலையைப் பகிர ஆள் அல்லது வாரம் இரண்டு மணி நேரம் வகுப்புக் குறைப்பு, நூலகக் கணினியில் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் (இலவசம்தான், "பட்ஜெட் இல்லை" என்ற பதிலுக்கு வேலை இல்லை); மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21-வது பிரிவு எல்லா நிறுவனங்களையும் வெளியிடச் சொல்லும் சமவாய்ப்புக் கொள்கையின் நகல். உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதலை பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்டிருக்கிறது. அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கல்லூரி சார்பில் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னால் நீங்கள் எழுதாதீர்கள்; அது நிர்வாகத்தின் வேலை.

இதெல்லாம் செய்தால் ஒப்பந்தம் நிச்சயம் புதுப்பிக்கப்படும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. புதுப்பிக்க மறுத்தால் அந்த முத்திரை போட்ட நகலை எடுத்துக்கொண்டு வாருங்கள், அப்போது பேசுவோம்.

அந்த மாணவருக்கு நீங்கள் இன்னும் நேரடியாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று தெரிகிறது. குழுவில் வேண்டாம், அவருடைய எண்ணுக்கு, முடிந்தால் இன்றைக்கே. இப்படி எழுதலாம்:

"தம்பி, உங்கள் மெயிலைப் பார்த்தேன். நான் அனுப்பிய பல கோப்புகள் படிக்க முடியாத வடிவில் இருந்தது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அடுத்த வாரப் பாடத்திலிருந்து மாற்றி அனுப்புகிறேன். உங்களுக்கு வேர்டு வசதியா, பி.டி.எஃப். வசதியா? எழுத்து எந்த அளவு இருந்தால் நல்லது? பழைய நோட்ஸில் எது உடனே வேண்டும்? இத்துடன் யூனிட் 4-இன் முதல் கோப்பை அனுப்பியிருக்கிறேன். எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள், திருத்துகிறேன்."